இவ்வளவு காலம் கழித்துத் துக்கம் விசாரிக்கப் போகலாமா?

அன்புள்ள அக்கா,

நான் மட்டக்களப்புப் பிள்ளை. கல்யாணமாகி கோலாலம்பூர், செந்தூலுக்கு வந்தவள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தபோது, ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே நின்ற பிள்ளைகளில் என் பள்ளித் தோழியின் மகனும் ஒருவன். அங்கே காலை 9 மணி, இங்கே 11.30. மீன் கழுவிக்கொண்டிருந்தேன். சேதி தெரிந்ததும் "எங்க நிக்கிறாய், பிள்ளையள் சுகமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். அரசாங்கம் அன்றே வாட்ஸ்அப்பை முடக்கிவிட்டதால் ஒற்றை டிக்கோடு அப்படியே கிடந்தது. விஷயம் என் காதுக்கு வருவதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது.

நான் அப்போது நிறைமாதம். அதன் பிறகு அவளுக்குப் போன் எடுக்கவே பயம். "நம்ம சொந்தமா? ஏன் இப்படி இருக்கே?" என்கிறார் வீட்டுக்காரர். நல்ல மனிதர்தான். அன்று வயிற்றில் இருந்த என் மகனுக்கு இப்போது அவனுடைய வயது. எல்லோரும் தூங்கியபின் அந்த வீடியோக்களைத் தேடிப் பார்க்கிறேன், கூட்டத்தில் அவன் தெரிகிறானா என்று. டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். எந்த முகத்தோடு அவள் வாசலில் நிற்பேன்?

– செந்தூல் வாசகி

அன்புத் தங்கச்சிக்கு,

போங்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செத்த வீட்டில் முகம் பார்த்து, கட்டிப்பிடித்துக் கத்தி அழுது, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துத்தான் 'அவன் இல்லை' என்பதை மனசு மெல்ல ஏற்கிறது. உங்களுக்கு அதில் எதுவும் வாய்க்கவில்லை. அதனால்தான் இன்னும் தேடுகிறீர்கள். நிறைமாதத்தில் உங்களை விமானத்தில் ஏற்றியிருக்கவே மாட்டார்கள். அந்தப் பாரத்தை முதலில் இறக்குங்கள். 'சொந்தமா?' என்ற கேள்விக்கு, சுற்றியிருப்பவர்கள் அங்கீகரிக்காத துக்கம் இன்னும் அதிகமாக வதைக்கும் என்று அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-லேயே எழுதிவிட்டார். வீட்டுக்காரரிடம் அவன் யார், அவள் உங்களுக்கு என்னவாக இருந்தாள் என்று ஒருநாள் உட்கார்ந்து சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்தது ஒரு செய்தி மட்டும்தான்.

வீடியோவை நிறுத்துங்கள். இதில் நான் கறாராகவே இருப்பேன். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்த ஆய்வில், அந்த வாரம் நாளுக்கு 6 மணி நேரமோ அதற்கு மேலோ செய்திகளில் மூழ்கியவர்கள், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தம் இருப்பதாகச் சொன்னார்கள். ராத்திரியில் போனைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுங்கள். தோழி முன்பு அனுப்பிய அவனுடைய படம் ஏதாவது இருந்தால், பகலில் அதைப் பாருங்கள். தூக்கமும் சாப்பாடும் தொடர்ந்து கெட்டால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடுராத்திரியில் தாங்க முடியாவிட்டால், மனம்விட்டுப் பேச உங்கள் ஊரிலேயே இருக்கும் பிஃப்ரெண்டர்ஸ் உதவி எண் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

டிசம்பர் வரை காத்திருக்காமல் இப்போதே தோழிக்கு ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். "டிசம்பரில் வாறன், உன்னைப் பார்க்கலாமா?" போதும், ஏன் பேசவில்லை என்ற விளக்கமெல்லாம் வேண்டாம். "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று அவர் சீறலாம். சீறட்டும், எழுந்து வந்துவிடாதீர்கள். அவன் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் என்னிடம் குறைப்படுவதே, அந்தப் பெயரை ஊரே விழுங்கிவிட்டது என்றுதான். தேவாலயத்துக்கு அவராகக் கூப்பிட்டால் மட்டும் போங்கள்.

உங்கள் மகனை முதல் நாள் கூட்டிப்போக வேண்டாம். அவரே "பிள்ளையைக் கொண்டு வா" என்று கேட்கட்டும்.