941 நாள் காத்திருந்த அரங்கம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, "சொந்த மண்ணில் ஒரு அணி ஜெயித்து நான் பார்த்ததிலேயே என் மனசுக்கு நெருக்கமானது, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு கிளே தாம்சன் திரும்பி வந்த அந்த மேட்ச்தான்" என்று எழுதியிருந்தேன். என்பிஏ என்பது அமெரிக்கக் கூடைப்பந்து லீக், வாரியர்ஸ் அதில் ஓர் அணி, கிளே அதன் நட்சத்திரமாக இருந்தவர். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒத்துக்கொண்டவர்கள், சண்டைக்கு வந்தவர்கள், யார் அவர் என்று கேட்டவர்கள் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

நான் என்பிஏ பார்க்க ஆரம்பித்தே ஒரு வருடம்தான் ஆகிறது. அன்று என்னதான் நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்களேன்.
(கல்லூரி மாணவி, கோவை)

சொல்கிறேன். ஆனால் கதை அந்த மேட்ச் நடந்த 2022-இல் தொடங்கவில்லை, 2019 ஜூன் 13 அன்று தொடங்குகிறது. ஓக்லாந்து ஆரக்கிள் அரினாவில் கோப்பைக்கான இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், எதிரே டொராண்டோ ராப்டர்ஸ். வாரியர்ஸின் இன்னொரு நட்சத்திரம் கெவின் டுராண்ட் அதற்கு முந்தைய ஆட்டத்திலேயே காயம்பட்டுப் போய்விட்டார். கிளே தனியாளாக இழுத்துக்கொண்டிருந்தார், 28 புள்ளி எடுத்துவிட்டார். மூன்றாம் கால்பகுதியில் டங்க் அடிக்க, அதாவது எம்பிப் பந்தைக் கூடைக்குள் கையாலேயே திணிக்க, எழும்பியவரை எதிரணி வீரர் தடுக்க, இறங்கும்போது இடது முழங்கால் மடங்கிவிட்டது. உள்ளே அழைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். ஃபவுலுக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவை (யாரும் தடுக்காமல் நின்று எறிவது) அவரே போடாவிட்டால் அந்த ஆட்டத்தில் மறுபடி இறங்க முடியாது என்று தெரிந்ததும், பாதி வழியிலிருந்து திரும்பி வந்தார். இரண்டையும் போட்டார். அப்புறம்தான் தெரிந்தது, முழங்கால் ஜவ்வு கிழிந்த காலோடு நின்று போட்டிருக்கிறார் என்று. அன்று 114-110 என்று டொராண்டோ ஜெயித்துக் கோப்பையையும் எடுத்துக்கொண்டது. வாரியர்ஸ் அந்தப் பழைய அரங்கில் ஆடிய கடைசி மேட்சும் அதுதான்.

அடுத்த சீசனில் அணி வளைகுடாவைத் தாண்டி சான் பிரான்சிஸ்கோவின் புதிய சேஸ் சென்டருக்குக் குடிபோனது. கிளே அந்தச் சீசன் முழுவதும் ஆடவில்லை. சரி, அடுத்த வருடம் வந்துவிடுவார் என்று எல்லாரும் இருந்தபோது, 2020 நவம்பர் 18 அன்று, பயிற்சியாக ஆடிக்கொண்டிருந்த சாதாரண ஆட்டத்தில் வலது காலின் குதிகால் நாண் அறுந்துவிட்டது. இன்னொரு சீசனும் போனது.

கடைசியில் 2022 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நமக்குத் திங்கட்கிழமை காலை. கிளீவ்லேண்ட் கவலியர்ஸுக்கு எதிராக, 941 நாட்களுக்குப் பிறகு இறங்கினார். யோசித்துப் பாருங்கள், அந்த அணிக்காக மூன்று கோப்பை வாங்கிய ஆள், அணியின் புது வீட்டில் அதுவரை ஒரே ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. அறிவிப்பாளர் அவர் பெயரைக் கடைசியாகக் கூப்பிட்டபோது எழுந்த சத்தத்தை நான் போனில்தான் கேட்டேன், ஹெட்போனைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே உள்ளே புகுந்து பந்தை மிதக்கவிட்டு முதல் கூடையைப் போட்டார். வாரியர்ஸ் 96-82 என்று ஜெயித்தது.

18 முறை எறிந்து 7 போட்டார், தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளியில் 8-க்கு 3. மொத்தம் 17 புள்ளி. அன்று 28 எடுத்தவர் அதே அணியின் ஸ்டெஃப் கர்ரி. உணர்ச்சியில் எழுதுகிறீர்கள் சார், கணக்கைப் பாருங்கள்.
(மாவட்ட அணி வீரர், சேலம்)

கணக்கைப் பார்த்தே சொல்கிறேன். இரண்டரை வருடம் மேட்ச் ஆடாதவருக்கு அன்று கிடைத்தது 20 நிமிடம். கோச் ஸ்டீவ் கெர் நிமிடங்களை எண்ணித்தான் கொடுத்தார். 20 நிமிடத்தில் 18 முறை எறிவது என்றால் என்ன என்று ஆடுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மனுஷன் பயந்து ஒதுங்கி நிற்கவில்லை, மூலையில் நின்று பந்து வந்தால் பார்ப்போம் என்று இருக்கவில்லை. முதல் நாளே பழைய கிளே மாதிரி, தவறினாலும் அடுத்ததையும் எறிவேன் என்று ஆடினார். அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

அவர் யார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2015 ஜனவரியில் சாக்ரமென்டோவுக்கு எதிராக ஒரே கால்பகுதியில் 37 புள்ளி எடுத்தவர். 2016 டிசம்பரில் இந்தியானாவுக்கு எதிராக 29 நிமிடத்தில் 60 புள்ளி, அதுவும் ஆட்டம் முழுக்கப் பந்தை 11 முறை மட்டுமே தட்டி. 2018-இல் சிகாகோவுக்கு எதிராக ஒரே மேட்சில் 14 மூன்று புள்ளி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டம் காட்டுகிற ஆளே இல்லை. ஓடுவார், சக வீரர் வழிமறித்து நிற்கும் திரைக்குப் பின்னால் வளைவார், பந்து கைக்கு வந்து சேரும்போதே உடம்பு எறியத் தயாராக இருக்கும். அந்த ஆட்டத்துக்கு இரண்டு காலும் வேண்டும், நிற்காமல் ஓடவும் சட்டென்று நிற்கவும் வேண்டும். அந்த இரண்டு காலும்தான் போயிருந்தன. அதனால் அந்த 17-ஐ நான் 37-க்குக் கீழே வைக்க மாட்டேன்.

முழங்கால் ஜவ்வு, குதிகால் நாண், இதில் எது மோசம்? எனக்கும் முழங்காலில் ஜவ்வு போய் ஆபரேஷன் ஆகிவிட்டது, எப்போது ஆடலாம்?
(பள்ளி உடற்கல்வி ஆசிரியர், நாமக்கல்)

எப்போது ஆடலாம் என்பதை உங்கள் டாக்டரும் பிசியோவும் மட்டும்தான் சொல்ல வேண்டும். பத்திரிகையில் எழுதுகிற நான் சொன்னால் அது தப்பு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முழங்காலின் அந்த ஜவ்வு, தொடை எலும்புக்கு அடியில் கால் எலும்பு முன்னால் நழுவாமலும் முறுக்காமலும் பிடித்து வைப்பது. கிழிந்தால் பெரும்பாலும் உடம்பின் வேறு இடத்திலிருந்து ஒரு நாணை எடுத்து அங்கே பொருத்துகிறார்கள். அது வேர் பிடித்து வலுவாவதற்கு மாதக்கணக்கில் ஆகும். குதிகால் நாண் கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைப்பது. எம்பிக் குதிக்கிற உந்துதல் அதன் வழியாகத்தான் போகிறது, கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. 2021 நவம்பர் கடைசியில் ஒரு ஹோம் மேட்ச் முடிந்தது, வாரியர்ஸ் ஜெயித்துவிட்டது, எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். கிளே மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்தச் சமயத்தில் அணி பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தது, அவரும் ஓட ஆரம்பித்துவிட்டார், திரும்புகிற நாள் பக்கத்தில் வந்துவிட்டது. கடைசி நாட்கள்தான் தாங்க முடியாமல் போகும் போலிருக்கிறது. நீங்களும் அந்த இடத்தில் இருந்தால், அவசரப்படாதீர்கள் ஐயா. சான்டா குரூஸில் இருக்கும் கிளை அணியோடு பயிற்சி செய்துவிட்டுத்தான் அவரே பெரிய அரங்குக்கு வந்தார்.

நானும் கணவரும் அன்று சேஸ் சென்டரில் இருந்தோம். இரண்டாம் கால்பகுதியில் அவர் அடித்த டங்க்கைப் பார்த்து என் கணவர் எழுந்து கத்தினார், நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது தேவையா?
(இல்லத்தரசி, ஃப்ரீமாண்ட்)

நேரில் பார்த்த உங்கள் மேல் எனக்கு நியாயமான பொறாமை உண்டு. அந்த டங்க்கைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: வெளியே பந்தை வாங்கி, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றித் தடுப்பவரைக் கழற்றிவிட்டு, நேராக உள்ளே போய், உயரமான தடுப்பாளர்கள் இருக்கும்போதே ஒற்றைக் கையால் அடித்து இறக்கினார். அவர் நல்ல காலத்திலேயே அடிக்கடி செய்கிற காரியம் இல்லை அது.

தேவையா என்றால், புள்ளிக் கணக்குக்குத் தேவையில்லை. லே-அப்பாக, மெல்லத் தட்டிப் போட்டிருந்தாலும் அதே இரண்டு புள்ளிதான். ஆனால் அவர் முழங்கால் போனது எப்படி? டங்க்குக்கு எழும்பிக் கீழே இறங்கும்போது. அதே மாதிரி எழும்பி, அதே மாதிரி கூட்டத்துக்கு நடுவில் இறங்கி, இரண்டு காலும் தாங்குகிறது என்று அவருக்கே ஒருமுறை தெரிய வேண்டியிருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் கண்ணை மூடியதும் சரி, உங்கள் கணவர் கத்தியதும் சரி. நான் இங்கே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன் ஆட்டம் தொடங்கிய சில நொடியிலேயே ஃபவுல் செய்துவிட்டு வெளியே போனாரே, என்ன கூத்து அது?
(வங்கி ஊழியர், மதுரை)

கூத்து என்று சொல்லாதீர்கள், அந்த மேட்சில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. ஆட்டத்துக்கு முன் தயாராகும்போது கிரீனுக்குக் கெண்டைக்காலில் இறுக்கம். ஆட முடியாது என்று ஆகிவிட்டது. ஆனால் கிளே வருகிற நாளில் தொடக்க ஐவரில் தானும் நிற்க வேண்டும் என்று நின்றார். பந்து மேலே போனது, வேண்டுமென்றே ஒரு ஃபவுல் செய்து ஆட்டத்தை நிறுத்தினார், வெளியேறினார், அவ்வளவுதான். கர்ரி, தாம்சன், கிரீன் மூவரும் அந்தச் சில நொடி சேர்ந்து நின்றார்கள். அதற்குப் பிறகு கிரீனை முதுகுப் பிரச்சினை மாதக்கணக்கில் உட்கார வைத்துவிட்டது. மூவரும் ஒழுங்காகச் சேர்ந்து ஆட மார்ச் நடுப்பகுதி ஆனது, அடுத்த ஓரிரு நாளில் கர்ரிக்குக் காலில் அடி. இப்படி விட்டு விட்டு ஆடிய அணிதான் ஜூன் 16 அன்று பாஸ்டனில் போய் செல்டிக்ஸை 103-90 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. கிளேக்கு அது நான்காவது கோப்பை.

அவருக்கு ஏன் கேப்டன் தொப்பி? வாரியர்ஸ் கேப்டனா?
(எட்டாம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்)

இல்லை தம்பி, படகுக் கேப்டன்! காயத்திலிருந்து தேறிக்கொண்டிருந்த காலத்தில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் தானே படகு ஓட்டிக்கொண்டு திரிவார், கடலில் நீந்துவார், அதைப் படம் பிடித்துப் போடுவார். மனசு ஆறியது தண்ணீரில்தான். ரசிகர்கள் 'கேப்டன் கிளே' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்படிப்பட்டவரைத்தான் 2024-இல் டல்லாஸ் அணிக்கு விட்டுவிட்டார்களே. நீங்கள் கொண்டாடும் அந்த அணி, அந்தக் கூட்டம் எல்லாம் எங்கே போனது?
(ஐடி ஊழியர், சென்னை)

உங்கள் கோபம் எனக்கும் இருந்தது. அவர் போன செய்தி வந்த அன்று நான் எதுவும் எழுதவில்லை, எழுத வரவில்லை. 13 வருடம் ஒரே அணி. ஆனால் அந்த முடிவில் அவருக்கும் பங்கு உண்டு. தொடக்க ஐவரில் இல்லாமல் பெஞ்சிலிருந்து இறங்க வேண்டிய நிலை வந்தது, ஒப்பந்தம் இழுத்துக்கொண்டே போனது, வேறிடத்தில் புதிதாகத் தொடங்கலாம் என்று அவரும் நினைத்தார். அதைத் துரோகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கூட்டம் எங்கே போனது என்று கேட்டீர்கள். எங்கேயும் போகவில்லை. 2024 நவம்பர் 12 அன்று டல்லாஸ் சட்டையில் அவர் சேஸ் சென்டருக்கு வந்தபோது, அரங்க ஊழியர்கள் வழி நெடுக வரிசையாக நின்று வரவேற்றார்கள், எல்லார் தலையிலும் அந்தக் கேப்டன் தொப்பி. அன்றைய மேட்ச்சும் லேசானது இல்லை. கிளே ஆறு மூன்று புள்ளி போட்டு 22 எடுத்தார், கர்ரி 37 எடுத்து, கடைசி நிமிடங்களில் பின்தங்கியிருந்த அணியைத் தூக்கி நிறுத்தினார். வாரியர்ஸ் 120-117. எதிரணி வீரர் போட்ட கூடைக்கு எனக்குள் சந்தோஷம் வந்ததும், அதே நேரத்தில் வாரியர்ஸ் ஜெயிக்க வேண்டும் என்று இருந்ததும் அன்று ஒருநாள்தான். இரண்டில் எது பெரிய இரவு என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு 2022தான். 2024-இல் எல்லாருக்கும் நன்றி சொல்ல முடிந்தது, 2022-இல் அவர் ஓடுவாரா என்பதே யாருக்கும் தெரியாது.

11-ஆம் எண் சட்டையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களா?
(ஆட்டோ ஓட்டுநர், திருநெல்வேலி)

கொடுக்க மாட்டார்கள் அண்ணே. அவர் போகும்போதே அணி உரிமையாளர் ஜோ லேக்கப் அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அரங்கக் கூரையில் தொங்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் பார்க்க உட்காருகிறேன். எதை முதலில் பார்க்கட்டும்?
(ஓய்வுபெற்ற தபால்காரர், விழுப்புரம்)

60 புள்ளி, 37 புள்ளி எல்லாம் அப்புறம் பார்க்கலாம் ஐயா. முதலில் 2019-இல் அவர் நடைவழியிலிருந்து திரும்பி வந்து போட்ட அந்த இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒரு நிமிடம்கூட ஆகாது. அது முடிந்ததும், நடுவில் வேறு எதையும் பார்க்காமல், 2022-இல் அவர் பெயரைக் கூப்பிடும் அந்த அறிவிப்பு. இரண்டையும் இதே வரிசையில் பாருங்கள், சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.