பழைய ஃபோர் வீல் ஜீப்: முதலில் அந்தக் குட்டை லிவரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் தேயிலையும் கொஞ்சம் கேரட்டும் இருக்கிறது. தோட்டத்திலிருந்து மெயின் ரோடு வரை மண் பாதை, நல்ல ஏற்றம். மழை பெய்துவிட்டால் பிக்கப் ஏறுவதில்லை. குன்னூரில் ஒரு புரோக்கர் 2014 மாடல் மஹிந்திரா தார், டர்போ டீசல், ஃபோர் வீல் வண்டி காட்டினார். "எஸ்டேட் வண்டி, ஒரே ஓனர், 68 ஆயிரம்தான் ஓடியிருக்கு, பின்னாடி லாக் எல்லாம் இருக்கு" என்கிறார். சாதாரண கார் என்றால் பார்த்து வாங்கத் தெரியும். இதில் எதைப் பார்ப்பது?

பதில்: அந்த 68 ஆயிரத்தை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். மீட்டரைத் திருப்பியிருப்பார்கள் என்று சொல்லவில்லை, எண் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கோயம்புத்தூர் பைபாஸில் ஐந்தாவது கியரில் ஓடிய 68 ஆயிரம் வேறு, எஸ்டேட் பாதையில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் சுமையோடு ஏறி இறங்கிய 68 ஆயிரம் வேறு. மலையில் ஒரு கிலோமீட்டருக்கு இன்ஜின் சுற்றும் சுற்று அதிகம், கிளட்ச் மிதிப்பது அதிகம், பிரேக் பிடிப்பது அதைவிட அதிகம். 'எஸ்டேட் வண்டி' என்று புரோக்கர் சொல்வது உங்களுக்கு ஆறுதலாக இருக்கக் கூடாது, அது ஒரு எச்சரிக்கை.

நம் ஊரில் பழைய ஜீப் பார்க்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்து இன்ஜினைப் பார்க்கிறார்கள், புகையைப் பார்க்கிறார்கள், ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு விலை பேசுகிறார்கள். இன்ஜினில் கோளாறு என்றால் குன்னூரிலோ மேட்டுப்பாளையத்திலோ சரிசெய்ய ஆள் உண்டு, சாமானும் கிடைக்கும். ஃபோர் வீலுக்கென்று இருக்கிற டிரான்ஸ்பர் கேஸ் (இழுவையை முன் அச்சுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி), முன் டிஃபரன்ஷியல் (அதை இடது, வலது சக்கரங்களுக்குப் பகிரும் பல்சக்கரத் தொகுதி), முன் ஷாஃப்ட் இவைதான் பணத்தைத் தின்னும், வண்டியை வாரக்கணக்கில் ஷெட்டில் நிறுத்தும். நீங்கள் கூடுதலாகக் காசு கொடுப்பதே இவற்றுக்காகத்தான். அதனால் வரிசையை மாற்றுங்கள்: ஃபோர் வீல் முதலில், இன்ஜின் கடைசியில்.

கியர் லிவருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டை லிவரை விற்பவரையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். டூ ஹை (பின் சக்கரங்களுக்கு மட்டும் இழுவை), ஃபோர் ஹை (நாலு சக்கரத்துக்கும் இழுவை), ஃபோர் லோ (நாலு சக்கரத்துக்கும், வேகம் குறைந்து இழுவை கூடி) மூன்றும் விழ வேண்டும். "அது கொஞ்சம் டைட்டா இருக்கும் சார், ஓட்ட ஓட்ட சரியாயிடும்" என்று சொன்னால், வருடக்கணக்கில் யாரும் அதைத் தொடவில்லை என்று அர்த்தம். அடித்து ஓட்டிய ஃபோர் வீலைப் போலவே, தொடாமலேயே விட்ட ஃபோர் வீலும் கெட்டுப்போகும். லிங்க் துருப்பிடித்து இறுகும், சீல் காய்ந்து வெடிக்கும், கிரீஸ் கட்டியாகிவிடும்.

லிவர் விழுந்துவிட்டது, டேஷ்போர்டில் விளக்கும் எரிகிறது என்பதோடு நம்பிவிடாதீர்கள். முன் சக்கரத்துக்கு உண்மையில் இழுவை போகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய்ச் சமதளமான மண் தரையில் செய்யுங்கள். ஃபோர் ஹை போட்டு நாலைந்து அடி முன்னே நகர்த்தி நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள். இப்போது முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாக ஆடி நின்றுவிட வேண்டும். தடையில்லாமல் சுற்றினால் ஹப்பிலோ ஷாஃப்டிலோ டிரான்ஸ்பர் கேஸிலோ எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது. ஃபோர் வீல் என்பது ஸ்டிக்கரில் மட்டும்தான். பிறகு டூ ஹைக்கு மாற்றிச் சுற்றினால் சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும். ஜாக்கியில் நிற்கும்போது யாரும் அடியில் போகக் கூடாது.

அடுத்தது ஃபோர் லோ. வண்டியை முழுதாக நிறுத்தி, கிளட்சை மிதித்து லோவில் போடுங்கள். செங்குத்தான மண் பாதையில் முதல் கியரில் ஏறச் சொல்லுங்கள். ஆக்சிலரேட்டரை அதிகம் மிதிக்காமலே ஏற வேண்டும். அதைவிட முக்கியம் இறக்கம். அதே பாதையில் ஃபோர் லோவில் காலை எடுத்துவிட்டு இறங்குங்கள், பிரேக்கில் கால் தயாராக இருக்கட்டும். ஏறும்போது ஒழுங்காக இருந்துவிட்டு, இறக்கத்தில் இன்ஜின் பிடிக்கும்போது லிவர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்தால் அந்த வண்டி வேண்டாம். வேறு எதற்கு விலை குறைத்தாலும் இதற்கு மட்டும் பேரம் பேசாதீர்கள். உங்கள் தோட்டத்து இறக்கத்தில் தேயிலை மூட்டையோடு அது நடந்தால் பிரேக் ஒன்றைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

இந்தச் சோதனை எதையும் காய்ந்த தார்ச்சாலையில் செய்யாதீர்கள். இந்த வகை வண்டிகளில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருக்கும். மண்ணில் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும், தார்ச்சாலையில் அந்த இறுக்கம் முழுக்க டிரான்ஸ்பர் கேஸில் ஏறும். இதனால்தான் நாலு டயரும் ஒரே அளவா என்றும் பார்க்கச் சொல்கிறேன். முன்னால் புது டயர், பின்னால் வழுக்கை டயர் என்று ஓட்டினாலும் ஃபோர் வீல் போடும்போதெல்லாம் அதே இறுக்கம்தான். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்.

அப்புறம் பழைய சாக்கு ஒன்றை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். டிரான்ஸ்பர் கேஸிலிருந்து அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கிப் பாருங்கள்; அதன் முனையில் இருக்கும் ஜாயின்ட் கிராஸில் பிளே (ஆட்டம்) இருந்தால் கையிலேயே தெரியும். ஓட்டும்போது முன்னே நகர்த்தி, பின்னே நகர்த்தி, மறுபடி முன்னே எடுத்தால் 'டக்' என்று வருவதும் இதுவாக இருக்கலாம். முன் சக்கரங்களுக்கு உள்பக்கம் இருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா பாருங்கள். கிழிந்து சேறு உள்ளே போயிருந்தால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஓட்டும்போது 'டிக் டிக்' சத்தம் வரும். இரண்டு டிஃபரன்ஷியலிலும் லெவல் பிளக்கைக் கழற்றச் சொல்லி விரலால் எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான டிஃபரன்ஷியல் கூடு ஓடைத் தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது, அதற்குக் காற்று போய்வரும் பிரீதர் குழாய் அடைபட்டிருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். விற்பவர் பிளக்கைக் கழற்ற விடமாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

துரு விஷயத்தில் நீலகிரிக்கென்று ஒரு சங்கதி உண்டு. மழையும் மூடுபனியும் மட்டும் காரணமில்லை. காய்கறித் தோட்டக்காரர்கள் இந்த வண்டிகளில் பொட்டாஷ், அமோனியம் சல்பேட், கோழி எரு எல்லாம் ஏற்றியிருப்பார்கள். மூட்டையிலிருந்து சிந்தியது தரை விரிப்புக்கு அடியில் ஈரத்தோடு சேர்ந்து தகட்டை அரித்துவிடும். வெளியே பாடி பளபளவென்றிருக்கும். பின்பக்கத் தரை விரிப்பைத் தூக்கி, சீட் போல்ட்டுகளைச் சுற்றிப் பாருங்கள். சேஸில் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடம், பாடி உட்காரும் இடம், பின் குறுக்குச் சட்டம் இவற்றை ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், உள்ளே அரித்தது மொத்தென்று சொல்லும். அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாடித் துருவை டிங்கர் வேலை செய்து சமாளிக்கலாம். சேஸ் துருவுக்கு வெல்டிங் வைத்த வண்டி மலைக்கு ஆகாது.

இனி ஓட்டம். காலையில் போங்கள், வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். டீசல் வண்டியின் ஹீட்டர் பிளக், பேட்டரி, கம்ப்ரஷன் எல்லாவற்றுக்கும் குன்னூர்க் குளிரில் எடுக்கும் முதல் ஸ்டார்ட்தான் பரீட்சை. ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வரலாம். புகை குப்குப்பென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

முடிந்தால் மேட்டுப்பாளையம் வரை இறங்கி மறுபடி ஏறிப் பாருங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் காலை எடுத்துவிட்டு வாருங்கள். மலை வண்டிகளில் முதலில் தேய்வது இந்த இரண்டாவது கியர்தான். இறக்கத்தில் அது தானாகக் கழன்றால் கியர் பாக்ஸ் வேலை காத்திருக்கிறது. நாலைந்து கொண்டை ஊசி தாண்டியதும் பிரேக் பெடல் முன்னைவிட ஆழமாகப் போகிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. பல வருடம் மாற்றாத ஆயில் நீண்ட இறக்கத்தில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் காற்றை மிதிப்பதுபோல் ஆகிவிடும். ஒரு நீளமான இறக்கம் முடிந்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பின்னால் நீலப் புகை வருகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். வந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது.

ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளில் கண் வையுங்கள். உயரம் போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரில் கொதிக்காமல் பிடித்து வைப்பது மூடியின் அழுத்தமும் கூலன்ட்டும். மூடியின் ரப்பர் போய், வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டி கோயம்புத்தூரில் ஒழுங்காக ஓடிவிட்டு இங்கே வந்து கக்கும். இன்ஜின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து உள்ளே துருத் தண்ணீரா, கலர் கூலன்ட்டா என்று பாருங்கள். இன்னொன்று, ஊட்டி உயரத்தில் காற்று சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. டர்போ இல்லாத பழைய டீசல் ஜீப்புகள் அங்கே மந்தமாக ஏறுவது இயல்பு, குறை இல்லை. உங்களுடையது டர்போ வண்டி. அதுவும் மூச்சு வாங்கினால் டர்போவையும் அதன் குழாய்களையும் மெக்கானிக் பார்க்கட்டும்.

புரோக்கர் சொன்ன 'லாக்' பற்றி. ஒரு பின் சக்கரம் சறுக்கினாலும் இரண்டையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் பூட்டு அது. தாரில் பின் டிஃபரன்ஷியலுக்கு மெக்கானிக்கல் லாக் கம்பெனியிலேயே வந்தது 2015-ல் முகம் மாற்றி விட்ட வண்டியில்தான். 2014 வண்டியில் அது இருக்கிறது என்றால் யாரோ பின்னால் மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார். மாட்டியிருந்தால் பில் கேளுங்கள். லாக் இல்லாமலும் ஃபோர் லோவில் உங்கள் பாதை ஏறும், அதற்காக இந்த வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. விலையில் மட்டும் லாக்கைச் சேர்க்க விடாதீர்கள்.

மாருதி ஜிப்ஸியும் யாராவது காட்டுவார்கள். இலகுவான வண்டி, சேற்றில் அருமையாகப் போகும். பெட்ரோல் செலவும், நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங் தரும் குலுக்கலும் உங்களுக்கு ஒத்துவருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் உருண்டையைச் சுற்றி எண்ணெயும் கிரீஸும் கலந்து ஒழுகினால் சீல் வேலை இருக்கிறது.

பேப்பரில் இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். ஒன்று, டெல்லிப் பக்கத்து வண்டி. அங்கே 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை வந்ததிலிருந்து அவை மற்ற மாநிலங்களுக்கு மலிவாக வருகின்றன. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டு வரி இரண்டும் முடிந்திருக்க வேண்டும். மத்திய அரசின் பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு நாள், இன்சூரன்ஸ் எல்லாம் தெரியும். ஆர்சியில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் படிவம் 35 கொடுத்து எச்பியை (கடனுக்கான அடமானப் பதிவை) நீக்கிய பிறகுதான் மீதிப் பணம். இன்னொன்று, மாற்றி அமைத்த வண்டி. அகல டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், முன்னால் இரும்புப் பம்பர் எல்லாம் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு பதிவுச் சான்றில் உள்ள அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடுவதில்லை, உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. நீங்கள் பார்க்கும் வண்டிக்கு 2029-ல் 15 வருடம் முடியும். பதிவைப் புதுப்பிக்க ஆர்டிஓ முன்னால் நிறுத்தும்போது இவற்றையெல்லாம் உங்கள் செலவில் கழற்ற வேண்டி வரும்.

எல்லாம் சரி என்றால், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஆர்சியில் பெயர் உள்ளவரே உங்கள் எதிரில் கையெழுத்துப் போடட்டும். புரோக்கர் வைத்திருக்கும் 'ரெடியாக் கையெழுத்துப் போட்ட' தாள்கள் வேண்டாம். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும்போது ரசீதில் சேஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். எழுதுவதற்கு முன்னால் சேஸில் பொறித்திருக்கும் எண்ணைத் துணியால் துடைத்து, ஆர்சியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.