பூட்டிய அலமாரியில் அப்பாவின் கேமரா

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

என் தந்தை இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய ஃபிலிம் கேமராவை, அவர் பாதி எடுத்திருந்த சுருளோடு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். நானும் அதைத் தொடுவதில்லை. புகைப்படக் கலை கற்கும் தங்கை மகன் கேட்டபோது மறுத்துவிட்டேன். "அது உன்னுடையது இல்லை அக்கா, நீ அதற்குக் காவல் இருக்கிறாய், உன்னுடையதாக இருந்தால் உன்னால் கொடுக்கவும் முடியும்" என்றாள் தங்கை. விட மனமில்லாதவருக்கு ஒரு பொருள் சொந்தமாகாதா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தங்கை சொன்னதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. டேனியல் கானெமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், சற்றுமுன் கையில் தரப்பட்ட சாதாரணக் காபிக் கோப்பைக்கே, வாங்குபவர்கள் தர முன்வந்ததைவிட ஏறத்தாழ இரு மடங்கு விலையை அதை வைத்திருந்தவர்கள் கேட்டார்கள். அப்படியிருக்க, தந்தை கைபட்ட கேமராவை இறுகப் பற்றியிருப்பதற்காக நீங்கள் கூச வேண்டியதில்லை.

ஆனால், கொடுக்க மறுப்பது வேறு. மறுப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய இயலாமல் போவது வேறு. கொடுக்கலாம், நானே படம் எடுக்கலாம், வைத்துக்கொள்ளலாம் என்ற மூன்று வழிகளும் திறந்திருக்கும்போது வைத்துக்கொள்வதைத் தேர்ந்தெடுத்தால், யாருக்கும் கொடுக்காமலேயே அது உங்களுடையதுதான். என்னை உறுத்துவது, நீங்களும் அதைத் தொடாமல் இருப்பதே. குழந்தை பிரியாமல் வைத்திருக்கும் பொம்மையைப் பற்றி எழுதிய மருத்துவர் டொனால்ட் வின்னிகாட், அது மறக்கப்படுவதுமில்லை, அதற்காகத் துக்கப்படுவதுமில்லை, அதன் அர்த்தம் மெல்லக் கரைகிறது என்றார். குழந்தை அதை இழுத்துத் திரிந்து, அழுக்காக்கி, முழுமையாக வாழ்ந்துவிடுவதே காரணம் என்று நான் கருதுகிறேன். பூட்டிய பொருளுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

அந்தச் சுருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழுவப்படாத ஃபிலிமில் பதிந்த உருவம் காலத்தாலும் வெப்பத்தாலும் மங்கிக்கொண்டே போகும்; தந்தை கடைசியாகப் பார்த்தவற்றைக் காப்பதாக நீங்கள் நம்பும் இந்நேரத்திலும் அவை குறைந்துகொண்டிருக்கின்றன. பழைய ஃபிலிம் கழுவத் தெரிந்த ஒருவரிடம் கேமராவைத் திறக்காமல் கொண்டு செல்லுங்கள். தனியே போகாமல் தங்கையையும் அழைத்துக்கொள்ளுங்கள். ஒரு படமும் தெரியாமல் போகலாம். அழுகை வந்தால் அழுங்கள்.

கேமராவைத் தருவதா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம். தர மனமில்லை என்றால், அந்தப் பையனை அருகில் அமர்த்திக்கொண்டு, அதில் ஒரு புதுச் சுருளை நீங்களே மாட்டுங்கள்.