உடம்புக்கு இத்தனை எதிர்ப்பு சக்தி இருந்தும் சில கிருமிகள் வருடக்கணக்கில் உள்ளேயே எப்படிப் பிழைக்கின்றன?

காட்பாடிப் பக்கம் லேப் டெக்னீசியனாக இருக்கிறேன். பக்கத்தில் கரிகிரியில் 1955 முதல் தொழுநோய் ஆய்வு மையம் இருப்பதால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. அதனால் தொழுநோய்க் கிருமியை வைத்தே சொல்கிறேன்.

இந்தக் கிருமிக்கு அவசரமே கிடையாது. குடலில் வாழும் இ.கோலை என்ற கிருமி, நல்ல சத்துள்ள ஊடகத்தில் (லேப்பில் கிருமி வளர்க்கும் கலவை) 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். இதற்குச் சுமார் இரண்டு வாரம் வேண்டும். தொற்றிய பிறகு அறிகுறி தெரியவே சராசரியாக 5 வருடம், சிலருக்கு 20 வருடம்கூட ஆகும். பெரிதாக விஷம் எதையும் கக்காததால் உடம்பும் சீக்கிரம் முழித்துக்கொள்வதில்லை.

அப்புறம் இடம். உடம்பின் நடுச்சூடு 37 டிகிரி இதற்கு ஒத்துவராது, கொஞ்சம் குளிர்ந்த இடம்தான் வேண்டும். மூக்கு, காது மடல், தோலை ஒட்டி ஓடும் நரம்புகள் என்று போய் உட்காரும். ஸ்மியர் (மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கண்ணாடியில் தடவும் மாதிரி) எடுக்க நாங்கள் காது மடலில் கீறுவது அதனால்தான். 'அக்னி நட்சத்திர வெயிலுக்கு எந்தக் கிருமி தாங்கும்?' என்று இங்கே ஒரு பெரியவர் கேட்டார். வேலூர் வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் உடம்பு தன் சூட்டை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். தோலோரம் அதைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாகவே இருக்கும், கிருமிக்கு அது போதும்.

நரம்பைச் சுற்றி உறை போடும் ஷ்வான் செல்லுக்குள் இது நுழைந்துகொள்கிறது. எதிர்ப்பு செல்கள் எளிதில் எட்டிப்பார்க்காத இடம் அது. கடைசியில் அவை கண்டுபிடித்துச் சண்டைக்கு வரும்போது அடிபடுவது நரம்பு. உணர்ச்சி போய்விடும், சுட்டாலும் வெட்டினாலும் தெரியாது. விரல்கள் தேய்வது பெரும்பாலும் இப்படிக் கவனிக்காமல் விட்ட காயங்களால்தான், கிருமி சதையைத் தின்பதால் இல்லை என்று எடுத்துக்காட்டியவர் வேலூர் சி.எம்.சி.யில் இருந்த டாக்டர் பால் பிராண்ட்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதன் மரபணுக்கள். 2001இல் முழுதாகப் படித்தபோது வேலை செய்பவை சுமார் 1,600, செயலிழந்து கிடப்பவை சுமார் 1,100 என்று தெரிந்தது. இதன் உறவான காசநோய்க் கிருமிக்கோ ஏறக்குறைய 4,000 மரபணு. வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி, எல்லாம் மாமியார் வீட்டிலேயே கிடைப்பதால் சொந்தப் பிழைப்பை மறந்துவிட்டது. அதற்கான விலையும் உண்டு. 1873இல் நார்வே டாக்டர் ஹான்சன் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததிலிருந்து இன்றுவரை இதை எந்த ஊடகத்திலும் தொடர்ந்து வளர்க்க முடியவில்லை. எலியின் பாதமோ, அர்மடில்லோ என்ற ஓடு போர்த்திய அமெரிக்க விலங்கின் உடம்போ வேண்டும். இரண்டும் குளிர்ச்சியான இடம் என்பதைக் கவனியுங்கள்.

காசநோய்க் கிருமி வேறு ரகம். தன்னை விழுங்கிய வெள்ளை அணுவுக்குள்ளேயே குடியிருக்கும். விழுங்கிய பையோடு செரிமானப் பை வந்து சேராதபடி தடுத்துவிடும். டைஃபாய்டு கிருமி சிலருக்குப் பித்தப்பைக் கல்லின் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். ஆள் நன்றாக நடமாடுவார், மலத்தில் கிருமி போய்க்கொண்டே இருக்கும்.

மாத்திரை ஏன் இத்தனை மாதம் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தொழுநோய்க்கு வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். இதில் ரிஃபாம்பிசின் என்ற மருந்து முதல் தவணையிலேயே பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும், அதனால் மருந்து ஆரம்பித்தவரோடு ஒரே வீட்டில் இருக்கப் பயப்பட வேண்டாம். மீதி மாதங்கள், மெதுவாகப் பெருகிக்கொண்டு மறைந்திருக்கும் மிச்சத்துக்கு.