ஏஐ வந்த பிறகு தமிழில் விளம்பரம் எழுதிப் பிழைக்க முடியுமா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: மூன்று ஆண்டாகத் தமிழ்க் காப்பிரைட்டராக, அதாவது விளம்பர வாசகம் எழுதுபவராக இருக்கிறீர்கள், ஆறு மாதமாக வேலை குறைந்துவிட்டது, வருகிற வேலையும் "ஏஐ எழுதியிருக்கு, கொஞ்சம் திருத்திக் கொடுங்க" என்றே வருகிறது, இனி என்ன செய்வது. மீதியை நான் ஊகித்துக்கொள்கிறேன். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறீர்கள். சொல்லுக்கு இத்தனை ரூபாய் என்று வாங்குகிறீர்கள். உங்கள் வாசகம் எந்தக் கடைக்குப் போகிறதோ அந்தக் கடைக்குள் நீங்கள் ஒருமுறைகூடக் காலெடுத்து வைத்ததில்லை. தப்பாக ஊகித்திருந்தால் மன்னித்துவிடுங்கள். எழுதி இருபது வருஷம் ஆன பிறகும் நான் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தேன், அதனால் சொல்கிறேன்.

2003இல் சென்னையில் ஒரு விளம்பர ஏஜென்சியில் சேர்ந்தேன். பதவியின் பெயர் 'லாங்குவேஜ் காப்பிரைட்டர்'. ஆங்கிலத்தில் எழுதுபவர் வெறும் காப்பிரைட்டர், தமிழில் எழுதுபவருக்கு மட்டும் முன்னால் ஓர் ஒட்டு. சம்பளம் அவருக்கு என்னைப்போல் இரண்டு மடங்கு. மும்பையில் யாரோ யோசித்த விளம்பரம் இந்தியில் படமாகி வரும். நான் உட்கார்ந்து அதற்குத் தமிழ் வாய் வைக்க வேண்டும். நடிகையின் உதடு எங்கே மூடுகிறதோ அங்கே 'ப' அல்லது 'ம' வர வேண்டும். அவர் சிரித்து முடிப்பதற்குள் வரி முடிந்துவிட வேண்டும். "இந்த வரி தமிழில் யாரும் பேசமாட்டார்கள் சார்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். "கிளையன்ட் அப்ரூவ் பண்ணியாச்சு" என்பார்கள். அத்தோடு முடிந்தது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்து, சில மாதம் கழித்து அதன் தமிழை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு வந்தது பயமில்லை, வெட்கம். "உங்கள் சமையல் அனுபவத்தை அடுத்த கட்டத்திற்கு எடுத்துச் செல்லுங்கள்." இந்த வரியை எனக்குத் தெரியும். இதே போன்ற வரியை நானே நூறு தடவை எழுதியிருக்கிறேன், ஷாம்புவுக்கு, பெயின்ட்டுக்கு, இன்சூரன்ஸுக்கு. இணையத்தில் கிடக்கும் விளம்பரத் தமிழில் பெரும்பகுதி எங்களைப் போன்றவர்கள் டெட்லைனுக்குப் பயந்து மொழிபெயர்த்துக் கொட்டியது. அது வேறு யாரிடம் கற்றுக்கொள்ளும்?

"தொழில்நுட்பத்தின் மீது பழி போடும் பழைய ஆள்" என்று யாராவது பின்னூட்டம் போடுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: நானும் அதைத் தினமும் பயன்படுத்துகிறேன். எதற்கு என்று பின்னால் வருகிறேன்.

இன்னொன்று. வேலை மாறத் தொடங்கியது ஏஐயால்தான் என்பதும் சரியில்லை. எஸ்எம்எஸ் விளம்பரம் எழுதியவர்களைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70. அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். 'தள்ளுபடி' நமக்கு ஐந்து எழுத்து, அந்தக் கணக்கில் எட்டு. எழுபதைத் தாண்டினால் கடைக்காரருக்கு இரண்டு செய்திக் காசு. ஆடித் தள்ளுபடிக்கு நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு புள்ளியைக் குறைத்திருக்கிறேன். பிறகு 2021 வாக்கில் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்து, தேதி, தொகை போன்றவை வரும் இடத்தை மட்டும் காலியாக விட வேண்டும் என்று கட்டாயமானது. கூகுள் 2018இல் தன் விளம்பரச் சேவையில் தமிழைச் சேர்த்தது. 2022 ஜூனுக்குப் பிறகு பழைய மாதிரி ஒரே தேடல் விளம்பரத்தை முழுதாக எழுதிக் கொடுக்கும் வழியும் அடைபட்டது. தலா 30 எழுத்தில் 15 தலைப்பு, 90 எழுத்தில் நான்கு விவரம் வரை கொடுத்துவிட வேண்டும். எதை எதனோடு சேர்ப்பது என்று அது பார்த்துக்கொள்ளும். அதாவது நாம் கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல் அறுப்பவர்கள் ஆகிவிட்டோம். செங்கல் அறுக்க இயந்திரம் வந்ததும் அழுகிறோம்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2012இல் ஈரோட்டுக்குத் திரும்பிவிட்டேன். இங்கே ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை, பெயர் வேண்டாம், 2019 முதல் எனக்கு மாதக் கிளையன்ட். நோட்டீஸ், டின் ஸ்டிக்கர், ஃபேஸ்புக் பதிவு எல்லாம் நான்தான். 2023இல் முதலாளியின் மகன் படிப்பு முடித்துக் கடைக்கு வந்தார். வந்த இரண்டாவது வாரம், "அண்ணா, இனிமேல் இதெல்லாம் நாங்களே ஏஐயில் போட்டுக்கறோம்ங்க. நீங்க எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக் கொடுத்துருங்க" என்றார். தொகை என்னவென்று கேட்டேன். பழைய தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. கோபம் வந்தது. ஆனால் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம். சரி என்றேன்.

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன். நல்லெண்ணெய்க்கு ஒரு நோட்டீஸ் வந்தது. ஏஐ எழுதியது. ஐந்தில் ஒரு பங்கு காசுக்கு ஐந்தில் ஒரு பங்கு கவனம் போதும் என்ற வீம்பில் பார்த்தேன். 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்று ஒரு வரி. அதற்கு மேலிருந்த வரியில் 'பாரம்பரிய செக்கு' என்று ஒற்று விட்டுப்போயிருந்தது. 'பாரம்பரியச் செக்கு' என்று திருத்தினேன். பொய்யை அப்படியே விட்டுவிட்டேன். கண்ணில் படவில்லை என்று சொல்லமாட்டேன். பட்டது. "எழுத்துப்பிழை மட்டும்தானே பார்க்கச் சொன்னார்" என்று தாண்டிப் போனேன்.

3,000 நோட்டீஸ் அச்சாகி, செய்தித்தாளில் வைத்து வீடு வீடாகப் போய்விட்டது. உணவுப் பாதுகாப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு வாடிக்கையாளர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். உணவுப் பொருள் எந்த நோயையும் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று 2018 விதிமுறையே இருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். நல்ல மனிதர், புகார் கொடுக்கவில்லை, எச்சரித்துவிட்டுப் போனார். மிச்சமிருந்த நோட்டீஸ் எல்லாம் எடைக்குப் போனது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "நீங்க படிச்சீங்கல்ல தம்பி?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

"மகன்தானே அனுப்பினார், உங்கள் மேல் என்ன தப்பு" என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். சட்டப்படி இருக்காது. ஆனால் அந்தக் கடையில் தமிழ் விளம்பரம் என்றால் எது எழுதலாம், எது எழுதக்கூடாது என்று தெரிந்த ஒரே ஆள் நான். அதற்குத்தான் முன்பு மாதாமாதம் காசு வாங்கிக்கொண்டிருந்தேன், அது எனக்கே தெரியாமல்.

குற்றவுணர்ச்சியில் மறுநாள் காலை கடைக்குப் போய், காசு வேண்டாம், மூன்று நாள் இங்கே உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். புண்ணாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். நான்கு வருஷம் எழுதிக் கொடுத்த கடையில் முதன்முறையாக அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தது அன்றுதான்.

இரண்டாம் நாள் ஒரு அம்மா பாதி தீர்ந்த கடலெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஏனுங்க, அப்பளம் போட்டா பொங்கு பொங்குன்னு பொங்கி அடுப்பெல்லாம் வழியுது. என்னத்தக் கலக்கறீங்க?" கல்லாவில் இருந்த பையன் பேசாமல் காசைத் திருப்பிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு என்னிடம், "வாரத்துக்கு நாலு டின் இப்படி வருதுங்க. முதலாளிகிட்டச் சொல்றதில்ல, பழகிருச்சு" என்றான்.

ரீஃபைண்ட் எண்ணெயில் பிசின் மாதிரியான பொருட்களைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் அவை தங்கிவிடும். அதனால் சூட்டில் நுரைக்கும். நம் பாட்டிகளுக்கு இது தெரியும், ஒரு சிட்டிகைப் புளியை எண்ணெயில் போட்டு அடக்குவார்கள். முப்பது வருஷம் ரீஃபைண்டில் பொரித்துப் பழகிய வீட்டுக்கு அது மறந்துபோயிற்று. திரும்பச் செக்கு எண்ணெய்க்கு வந்தவர்கள் பொங்குவதைப் பார்த்துக் கலப்படம் என்று முடிவு கட்டுகிறார்கள். நாங்களோ நான்கு வருஷமாக 'தூய்மை', 'பாரம்பரியம்', 'ஆரோக்கியம்' என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

அன்று ராத்திரி எழுதியது இது:

"செக்கு எண்ணெய் வடச்சட்டியில் பொங்கும். பயப்படாதீங்க. சுண்டைக்காய் அளவு புளி போடுங்க, அடங்கிடும்."

முதலில் 'கலப்படம் இல்லை' என்றுதான் எழுதியிருந்தேன். முதலாளி அடித்துவிட்டார். "நம்ம டின்னுல அந்த வார்த்தையே வேண்டாம் தம்பி." அவர் சொன்னதே சரி. மகன் 'வாணலி' என்று மாற்றச் சொன்னார், அதுதான் எல்லோருக்கும் புரியுமாம். ஈரோட்டில் யார் வாணலி என்கிறார்கள்? பிறகு ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, ஈரப் புளியைப் போட்டுக் கையில் தெறித்துவிட்டது என்று சொன்னதும் 'காய்ந்த புளி' என்று ஒரு சொல் சேர்த்தோம். மொத்தம் பதினொரு சொல். டின் கழுத்தில் மாட்டும் அட்டை. அடுத்த சில வாரத்தில் டின் திரும்பி வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது என்று பையன் சொன்னான். நான் எண்ணிப் பார்க்கவில்லை, அவன் சொன்னதுதான் கணக்கு.

"இதை ஏஐயிடம் கேட்டால் அதுவும் சொல்லும்" என்பீர்கள். சொல்லும். நானே கேட்டுப் பார்த்தேன், பொங்குவதற்குக் காரணத்தை என்னைவிட நன்றாக விளக்கியது. ஆனால் வாரத்துக்கு நாலு டின் திரும்பி வருவதும், பையன் அதை முதலாளியிடம் மறைப்பதும் எந்த இணையத்திலும் இல்லை. அது தெரிந்தால்தானே கேள்வி கேட்கவே தோன்றும்?

அடுத்த மாதம் அந்த அட்டைக்கு, கடலெண்ணெய், நல்லெண்ணெய் இரண்டுக்கும் சேர்த்து, 15,000 ரூபாய் பில் கொடுத்தேன். மகன் அட்டையை எண்ணிப் பார்த்துவிட்டு, "பதினொரு வார்த்தைக்காங்க அண்ணா?" என்றார். மூன்று நாள் ஸ்டூலுக்கு என்றேன். முதலாளி சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். எல்லாக் கிளையன்ட்டும் கொடுக்கமாட்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். இதே மாதிரி கேட்டு இரண்டு கிளையன்ட்டை இழந்திருக்கிறேன்.

கொடுப்பது என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். என் வருமானத்தில் ஏஐ தின்றதைவிட 'அடுத்த வாரம் போட்டு விடறோம்' தின்றது அதிகம். சென்னையில் ஒரு ஏஜென்சி, ஏழு மாதம் இழுத்தது. கடைசியில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது என் பெயரில் அரசுக்குக் கட்ட வேண்டிய வரி, பிடித்துக்கொண்டு அனுப்பினார்கள். வரித்துறையின் 26ஏஎஸ் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அந்தப் பத்து சதவீதம் என் கணக்கில் ஏறவே இல்லை. கேட்டால் ஆடிட்டரைக் கேளுங்கள் என்கிறார்கள், ஆடிட்டர் போனை எடுப்பதில்லை. இரண்டு மணி நேரத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னவர்கள் இவர்கள்! நீங்கள் இன்னும் உத்யம், அதாவது சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு, செய்யவில்லை என்றால் இன்றைக்கே செய்யுங்கள், கட்டணம் இல்லை. பதிவு செய்த குறுந்தொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தராவிட்டால் அந்த ஆண்டு அந்தச் செலவைக் கணக்கில் காட்டி வரி குறைக்க முடியாது என்று வருமான வரியிலும் கொண்டுவந்துவிட்டார்கள். பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் போட்ட பிறகு எனக்குப் பணம் கொஞ்சம் சீக்கிரம் வருகிறது. சரி, அது இருக்கட்டும்.

இப்போது நான் எப்படி வேலை செய்கிறேன் என்று கேட்டால்: கூகுளுக்கான அந்த 15 தலைப்பு வேலையைக் கையால் எழுதுவதை விட்டுவிட்டேன். விஷயத்தை நான் கொடுப்பேன், ஏஐ நாற்பது தலைப்பு தரும், பத்தை எடுத்து, ஆறைத் திரும்ப எழுதுவேன். ஒரே பதிவை ஐந்து விதமாக நீட்டிச் சுருக்குவதற்கும் அதுதான். குணமாகும், உத்தரவாதம், நம்பர் ஒன் போன்ற சொல் எங்கே வந்தாலும் கிளையன்ட்டுக்குத் தனியாக எழுதிக் கேட்கிறேன்: இதற்கு ஆதாரம் இருக்கிறதா? 2022இல் தவறான விளம்பரங்களுக்கு எதிராக மத்திய அரசு தனி வழிகாட்டு நெறிமுறையே வெளியிட்டிருப்பதால் அந்தக் கேள்விக்கு இப்போது மரியாதை இருக்கிறது. 'திருத்தம் மட்டும்' என்று வரும் வேலையை வாங்குவதில்லை. வாங்கினால் முழுப் பொறுப்போடு, முழுக் காசுக்கு. சொல் கணக்கில் பில் போடுவதையும் நிறுத்திவிட்டேன். சொல் கணக்கில் போட்டியிட்டால் ஏஐயோடு ஜெயிக்க முடியாது, அது ராத்திரியிலும் எழுதும்.

நீங்கள் சென்னையில் இருந்துகொண்டு மதுரைக் கடைக்கு எழுதுகிறீர்கள் என்றால் ஸ்டூல் போட்டு உட்கார முடியாதுதான். கடையில் போன் எடுக்கும் பெண்ணிடம் அரை மணி நேரம் பேசுங்கள். முதலாளியிடம் வேண்டாம், அவர் 'தரம்', 'நம்பிக்கை' என்றுதான் சொல்வார். திரும்பி வந்த பொருள் எது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது யார் என்று அந்தப் பெண்ணைக் கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், இலக்கணம் திருத்தாதீர்கள். மூன்று ஆண்டு அனுபவம் குறைவில்லை. எனக்கு இது புரிய இருபது ஆண்டு ஆயிற்று, அதுவும் ஒரு பொய் நோட்டீஸ் அச்சான பிறகு.

இந்த மாதம் தேங்காய் எண்ணெய். சிக்கு வாடை அடிக்கிறது என்று இரண்டு பாட்டில் திரும்பி வந்திருக்கிறதாம், மகனே போன் செய்து சொன்னார். "அண்ணா, ஸ்டூல் போட்டு வச்சிருக்கேன், பத்து மணிக்குள்ள வந்துருங்க, அதுக்கு மேல கூட்டம் ஆயிரும்" என்றார். கிளம்புகிறேன். பின்னூட்டம் போட்டால் சாயங்காலம்தான் பார்ப்பேன்.