கேள்வி–பதில்: நூலில் 40 கவுண்ட், அரண்மனையில் ஒரு கவுண்ட்

கேள்வி (விசைத்தறி வைத்திருப்பவர், இளம்பிள்ளை): 'கவுண்ட்' என்றால் எண்ணுவதுதானே? 40 கவுண்ட் நூல் என்கிறார்களே, எதை எண்ணி 40 என்கிறார்கள்? எண் கூடக்கூட நூல் மெலிவது ஏன்? நூல் சுற்றி வரும் கோன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை நம்பாமல் நாமே சரிபார்க்க வழி உண்டா?

பதில்: எண்ணுவது சிட்டத்தை. 840 கெஜம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டம், அதாவது ஹேங்க். ஒரு பவுண்டு (453.6 கிராம்) எடைக்கு இப்படி எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் கவுண்ட். 40 கவுண்ட் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம். எடை மாறாமல் நீளத்தை இழுத்துக்கொண்டே போனால் நூல் மெலியத்தானே செய்யும்? அதனால்தான் 20 முரடு, 80 சன்னம்.

சரிபார்ப்பது சுலபம். சிட்டத்தில் ஏழில் ஒரு பங்கை லீ என்பார்கள். 120 கெஜம், மீட்டரில் 109.7. மில்லில் ஒன்றரை கெஜச் சுற்றளவுள்ள ரீலில் 80 சுற்று சுற்றி எடுப்பார்கள். ரீல் இல்லையென்றால் கெட்டியான சட்டம் ஒன்றின் சுற்றளவை அளந்துகொண்டு, மொத்தம் 109.7 மீட்டர் வரும்படி சுற்றுங்கள். அதை எடை போட்டு, 64.8-ஐ அந்த கிராம் எடையால் வகுத்தால் கவுண்ட் கிடைக்கும். 1.62 கிராம் வந்தால் 40, 1.80 வந்தால் அது 36-தான்.

பலரும் கோட்டை விடுவது தராசில். சமையலறைத் தராசு 1.62-ஐ 2 கிராம் என்று காட்டும். கணக்கு 32-ல் போய் நிற்கும், நூல்காரரோடு வீண் சண்டை வரும். வெள்ளி நிறுக்கிற தராசுதான் இதற்குச் சரி, 0.01 கிராம் வரை காட்ட வேண்டும். கொலுசுப் பட்டறைக்குப் பஞ்சமில்லாத ஊரில் இது கஷ்டமில்லை. ஒரு கோனில் மட்டும் பார்க்காதீர்கள். நாலைந்து கோனில் எடுத்துச் சராசரி பாருங்கள். சுற்றும்போது இழுத்துப் பிடித்தால் நூல் நீண்டுகொடுத்து எடை குறையும், கவுண்ட் கூடுதலாகத் தெரியும். மழைக்காலத்தில் பருத்தி ஈரம் குடித்திருந்தால் இதற்கு நேர்மாறு. கஞ்சி போட்ட பாவு நூலை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலை, அளக்கவே வேண்டாம்: நூல் எடையில் 10 சதவீதம் கஞ்சி ஏறியிருந்தாலே 40 கவுண்ட் 36 ஆகத் தெரியும்.

கேள்வி (அம்மாப்பேட்டை): 2/40 என்றால் 80-ஆ, 20-ஆ? 100 டெனியர் பாலியஸ்டரும் 100 கவுண்ட் பருத்தியும் ஒரே கனமா?

பதில்: 20. இரண்டு 40 கவுண்ட் இழைகளை முறுக்கினால் கனம் இரட்டிப்பாகும், கவுண்ட் பாதியாகும். முறுக்கும்போது நீளம் கொஞ்சம் சுருங்குவதால் அளந்து பார்த்தால் 20-க்குச் சற்றுக் குறைவாகவே வரும். அது நூலின் குறையல்ல.

டெனியர் தலைகீழ்க் கணக்கு: 9,000 மீட்டர் நூலின் கிராம் எடை. அங்கே எண் கூடினால் கனம் கூடும். 5,315-ஐ டெனியரால் வகுத்தால் பருத்திக் கவுண்ட் வரும். 100 டெனியர் கிட்டத்தட்ட 53 கவுண்டுக்குச் சமம். 100 கவுண்ட் பருத்தியோ 53 டெனியர்தான், ஏறக்குறைய பாதிக் கனம். பாவும் ஊடையும் (குறுக்கே ஓடும் நூல்) வெவ்வேறு ரகமாக வைக்கிறவர்கள் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்துவிட்டு நூல் வாங்குவது நல்லது.

கேள்வி (ஓமலூர்): படுக்கை விரிப்பு விளம்பரத்தில் '800 த்ரெட் கவுண்ட்' என்கிறார்களே?

பதில்: அது வேறு கவுண்ட். ஒரு அங்குலத்தில் பாவு இழையையும் ஊடை இழையையும் எண்ணிக் கூட்டுவது. முறுக்கு நூலின் ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக எண்ணி 400-ஐ 800 ஆக்குவது பழைய வித்தை. பூதக்கண்ணாடி வைத்து ஓர் அங்குலம் எண்ணிப் பாருங்கள், குட்டு வெளிப்படும்.

கேள்வி (போட்டித் தேர்வு எழுதுபவர், ஆத்தூர்): டிக்கெட் கவுண்டர், என்கவுண்டர், டிஸ்கவுண்ட், கவுண்டி கிரிக்கெட் எல்லாம் ஒரே வேரா?

பதில்: இல்லை. மூன்று லத்தீன் சொற்கள் பிரெஞ்சு வாய்க்குள் போய்த் தேய்ந்து, ஒரே ஒலியாக ஆங்கிலத்துக்கு வந்தவை.

ஒன்று 'கம்ப்யுடாரே', கணக்கிடுதல். கவுண்ட், அக்கவுண்ட், டிஸ்கவுண்ட் இதன் பிள்ளைகள். கம்ப்யூட்டரும் அதே குடும்பம்தான், தேயாமல் வந்த கிளை. பணம் எண்ணும் மேசைதான் முதலில் கவுண்டர்; டிக்கெட் கவுண்டர் அந்த வழி.

இரண்டாவது 'கோன்ட்ரா', எதிர். என்கவுண்டர் என்றால் எதிர்ப்படுதல், மோதுதல். கள்ளநோட்டைக் குறிக்கும் கவுண்டர்ஃபீட், ரசீதின் அடிக்கட்டையான கவுண்டர்ஃபாயில் எல்லாம் இங்கே.

மூன்றாவது 'கோமெஸ்', கூட வருபவர். ரோமப் பேரரசில் இது அதிகாரிகளுக்கு உரிய பட்டமாயிற்று. பிறகு பிரபுவைக் குறிக்கும் கவுண்ட் ஆனது. அவருடைய ஆளுகைப் பகுதி கவுண்டி. குதிரை லாயத்துக்குப் பொறுப்பாளர் 'கோமெஸ் ஸ்டாபுலி'. அதுதான் தேய்ந்து கான்ஸ்டபிள். ஆக, செய்தித்தாளில் கான்ஸ்டபிளும் என்கவுண்டரும் ஒரே வரியில் வந்தாலும் சொல்லளவில் உறவில்லை.

தேர்வுக்கு ஒரு குறுக்குவழி: சொல்லுக்குள் எண்ணுவது, எதிர்ப்பது, பிரபு, இந்த மூன்றில் எது பொருந்துகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கைகொடுக்கும். மேல்விரிப்பைக் குறிக்கும் கவுண்டர்பேன் மட்டும் காலை வாரும். அது 'தைத்த மெத்தை' என்ற லத்தீன் தொடர் சிதைந்து வந்தது. மூன்று வேரிலும் சேராது.

கேள்வி (காபித் தோட்ட மேற்பார்வையாளர், ஏற்காடு): கவுண்ட் என்ற சொல்லுக்கும், செடியில் கிளை கழிக்கும் கவாத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று தோட்டத்துக்கு வந்த விருந்தாளி சொன்னார். விளையாட்டுக்குச் சொன்னாரா?

பதில்: ஒலியில் சம்பந்தமில்லை, பொருளில் உண்டு. கம்ப்யுடாரே என்பதில் உள்ள 'புடாரே' என்ற லத்தீன் வினைக்குக் கிளை கழித்தல் என்றும் பொருள், கணக்கிடுதல் என்றும் பொருள், நினைத்தல் என்றும் பொருள். காபிச் செடியின் நடுவே பின்னிக்கிடக்கும் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுகிறீர்களே, அந்த வேலைதான். கை காலை வெட்டி எடுக்கும் ஆம்புடேஷனிலும் இதே புடாரே இருக்கிறது: சுற்றிலும் வெட்டுதல்.

எண்ணலும் நினைத்தலும் ஒரே சொல்லில் இருப்பது நமக்குப் புதிதல்ல. 'காசை எண்ணு', 'நல்லதை எண்ணு' இரண்டுக்கும் ஒரே எண்ணுதல்தானே. லத்தீன்காரர்கள் கூடுதலாகக் கையில் கத்தியும் வைத்திருந்தார்கள்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): இங்கிலாந்தில் கவுண்ட் பட்டம் உண்டா?

பதில்: உள்ளூர் பட்டமாக இல்லை. அதற்கு நிகர் ஏர்ல். ஆனால் ஏர்லின் மனைவி கவுண்டஸ்! ஏர்லுக்கு ஒரு படி கீழே வைகவுண்ட், 'துணை கவுண்ட்' என்று பொருள். மவுண்ட்பேட்டன் 1946-ல் வைகவுண்ட், 1947-ல் ஏர்ல்.

கேள்வி (சேலம்): 'மூன்று கவுண்ட்களில் குற்றவாளி' என்பதை எப்படித் தமிழாக்குவது?

பதில்: 'மூன்று குற்றச்சாட்டுகளில்' என்று எழுதுங்கள்; 'மூன்று எண்ணிக்கையில்' என்பது பிழை. பழைய பிரெஞ்சில் எண்ணுவதற்கும் கதை சொல்வதற்கும் ஒரே வினை. வழக்காளி தன் கதையை எடுத்துரைப்பதே நீதிமன்றத்துக் கவுண்ட். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் பிளேட்லெட் கவுண்டுக்கு மட்டும் 'எண்ணிக்கை' சரி.

கேள்வி (ஏற்காடு): கன்ட்ரி என்பதும் இந்தக் குடும்பமா?

பதில்: ஆம், 'எதிர்' வேர். கண்ணெதிரே விரிந்து கிடக்கும் நிலம் என்பதே முதல் பொருள். பிறகு தேசம், கிராமப்புறம் என்று இரண்டாகப் பிரிந்தது. தமிழில் 'நாடு' அப்படியே: இந்திய நாடும் நாடுதான், நாட்டுக்கோழியிலும் நாடுதான். சேர்வராயன் மலையிலேயே சேல நாடு, மொக நாடு, முட்ட நாடு என்று மூன்று இருக்கின்றனவே.