பாதுகாப்புத் துறை மாநாட்டுக்கு ஏஐ பேச்சாளர்: நாலு பேரில் யாரைக் கூப்பிடலாம்?

வாசகர் கேள்வி: நாகர்கோவிலில் சிறுதொழில் செய்பவர்கள் சேர்ந்து, 'பாதுகாப்புத் துறை உற்பத்தியில் ஏஐ' என்று ஒரு நாள் மாநாடு நடத்துகிறோம். பொறியியல் கல்லூரி ஒன்றின் அரங்கம் கிடைத்திருக்கிறது. கோணம் தொழிற்பேட்டை பட்டறைக்காரர்கள், மகேந்திரகிரி இஸ்ரோ மையத்துக்கு ஜாப் ஒர்க் செய்பவர்கள், முன்னாள் ராணுவத்தினர், கடைசி வருட மாணவர்கள் என்று 150 பேர் வருவார்கள். பேச்சாளர்களுக்கு 3 லட்சம் ஒதுக்கியிருக்கிறோம். கையில் நாலு பெயர் இருக்கிறது. பெங்களூருவில் இருந்து ஒரு பிரபல ஏஐ பேச்சாளர், இவர் மட்டும் இரண்டரை லட்சம் கேட்கிறார். ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர், கோவையில் கேமரா வைத்து பாகங்களைப் பரிசோதிக்கும் சின்ன கம்பெனியின் பொறியாளர் ஒருவர், ஒரு பேராசிரியர். முடிந்தால் மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவில் இருந்து விஞ்ஞானி ஒருவரும் வேண்டும். யாரை எடுக்கலாம்?

பதில்:

அண்ணாச்சி, நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டரை லட்சம் கேட்பவர் வேண்டாம். அவர் மோசமான பேச்சாளர் என்பதற்காக இல்லை, உங்கள் அரங்கத்தில் உட்காரப்போகிறவர்களுக்கும் அவர் பேச்சுக்கும் சம்பந்தம் இருக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில வருடங்களுக்கு முன்னால் வேறொரு மாவட்டத்தில் இதே மாதிரி ஒரு கூட்டத்துக்குப் பேச்சாளர் தேர்ந்தெடுக்கும் வேலை என் கையில் வந்தது. மூன்று நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்து மயங்கி ஒருவரை வரவழைத்தேன். நாற்பது நிமிடம் வெளிநாட்டு ட்ரோன்கள் கூட்டமாகப் பறக்கும் படங்களைக் காட்டினார், கைதட்டலும் கிடைத்தது. கேள்வி நேரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர் எழுந்து, சட்டைப் பையில் இருந்து ஒரு பித்தளை புஷ்ஷை, வளையம் மாதிரி இருக்கும் சின்ன இயந்திர பாகம் அது, எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார். "சார், இதை மாசம் ரெண்டாயிரம் செய்றோம். அதுல முப்பது திரும்பி வருது. உங்க ஏஐ இதுக்கு என்ன செய்யும்?" பேச்சாளரிடம் பதில் இல்லை. 'நல்ல கேள்வி' என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கைகாட்டினார். பெரியவர் புஷ்ஷைப் பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் எந்தப் பேச்சாளரைப் பார்த்தாலும், அந்தப் புஷ்ஷுக்கு இவர் என்ன பதில் சொல்வார் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.

அதனால் ஒருவரை முடிவு செய்வதற்கு முன்னால் இருபது நிமிடம் போனில் பேசுங்கள். மேனேஜரோடு இல்லை, பேசப்போகிற ஆளோடு. மூன்று நிமிடத் துண்டு வீடியோவை அனுப்பினால், முழுப் பேச்சும் கேள்வி நேரமும் இருக்கிற வீடியோ கேளுங்கள். ஒருவருக்கு விஷயம் தெரியுமா என்பது கேள்வி நேரத்தில்தான் தெரியும்.

போனில் முதலில் கேட்கவேண்டியது, நீங்கள் செய்ததில் எது சரியாக வேலை செய்யாமல் போனது என்பதுதான். கோவைப் பொறியாளர் வகை ஆள் ஒருவரிடம் நான் இப்படிக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "முதல் மாசம் நல்லா போச்சு சார். அப்புறம் பட்டறையில கூலண்ட், அதான் வெட்டும்போது சூடு தணிக்க ஊத்துற திரவம், அதை மாத்தினாங்க. பாகத்து மேல எண்ணெய் படலம் நின்னு லைட் பட்டு மின்ன ஆரம்பிச்சுது. எங்க கேமரா மின்னுறதை எல்லாம் விரிசல்னு சொல்லிடுச்சு. கடைசியில சாஃப்ட்வேரைத் தொடவே இல்லை, லைட்டை மாத்திப் போட்டோம், பாகத்தைத் துடைக்க ஒரு ஏர் ப்ளோயர் வெச்சோம், சரியாயிடுச்சு." இப்படிப் பேசுகிறவரைத்தான் உங்கள் பட்டறைக்காரர்கள் கேட்கவேண்டும். கூலண்ட் என்ன, எண்ணெய் எங்கே நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. பாதி தூரம் அவர்களே வந்துவிடுவார்கள்.

அடுத்து கணக்கு. 'எங்கள் சிஸ்டம் 98 சதவீதம் துல்லியம்' என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திக் கேளுங்கள். அந்தப் பெரியவரின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், 2000 புஷ்ஷில் 30 கெட்டது. ஒரு இயந்திரம் எதையுமே பார்க்காமல் 'எல்லாம் நல்லது' என்று சொன்னாலும் 1970 சரியாகிவிடும், அதாவது 98.5 சதவீதம் துல்லியம். ஆனால் கெட்டதில் ஒன்றைக்கூட அது பிடித்திருக்காது! முப்பதில் எத்தனை பிடித்தது, நல்ல பாகத்தில் எத்தனையைத் தவறாக ஒதுக்கியது, ஒதுக்கியதை மறுபடி யார் பார்க்கிறார்கள் என்று இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் நிஜமாகவே களத்தில் நின்றவர். நல்ல பாகங்களில் ஐந்து சதவீதத்தைத் தவறாக ஒதுக்கினால்கூட கிட்டத்தட்ட நூறு பாகத்தை மனிதர் உட்கார்ந்து திரும்பப் பார்க்கவேண்டும். அந்த உழைப்புக்கு யார் கூலி கொடுப்பது என்பதுவரை பேசுகிற ஆள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கர்னல் விஷயத்துக்கு வருகிறேன். அவரைக் கூப்பிடலாம், ஆனால் 'போர்க்களத்தில் ஏஐ' என்று பொதுவாகத் தலைப்புக் கொடுக்காதீர்கள். ஒரு சப்ளையரிடம் ராணுவம் என்ன கேட்கும், எங்கே திருப்பி அனுப்பும், ஒரு கருவி வெயிலிலும் தூசியிலும் மழையிலும் எப்படிச் சோதிக்கப்படும் என்று பேசச் சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். 2024 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சகம் நம்பகமான ஏஐயை மதிப்பிடுவதற்காக 'ஈடிஏஐ' என்ற வழிகாட்டிச் சட்டகத்தை வெளியிட்டது. அதைப்பற்றி இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னால், அவர் இந்தத் துறையை இப்போதும் கவனிக்கிறாரா, பழைய அனுபவத்தை வைத்து ஒப்பேற்றுகிறாரா என்று தெரிந்துவிடும். 'நான் ரகசிய திட்டத்தில் இருந்தேன், சொல்லக்கூடாது' என்பதையே தகுதியாகச் சொல்கிறவர் உங்களுக்கு உதவமாட்டார். உண்மையிலேயே ரகசியம் தெரிந்தவர்கள் அதைப்பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

கடலோரக் கண்காணிப்பு பற்றியும் ஒரு அமர்வு வைப்பீர்கள் என்று நினைக்கிறேன், நம்ம மாவட்டத்தில் அதை விட முடியாது. அதற்கு வருகிறவரிடம் நான் கேட்கும் கேள்வி, உங்கள் ஏஐ மாடல் எந்தப் படங்களைப் பார்த்துப் பழகியது என்பது. சரக்குக் கப்பல் படங்களையே பார்த்துப் பழகிய மாடலுக்குக் குளச்சல் கடலில் போகிற ஃபைபர் வள்ளம் ஒரு அலை மாதிரித்தான் தெரியும். கட்டுமரத்தைச் சொல்லவே வேண்டாம், தண்ணீர் மட்டத்தோடு கிடக்கும், ரேடாரிலும் சரியாகப் பிடிபடாது. ஆடி மாதக் கடலில் காலை வெயில் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும்போது கேமரா என்ன பார்க்கிறது என்று அவர் எப்போதாவது சோதித்திருக்கிறாரா? 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த நம் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே கரையில் தெரியவில்லை. சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் அந்த வலி இன்னும் ஆறவில்லை. 'எங்கள் ஏஐ கடலில் எதையும் கண்டுபிடித்துவிடும்' என்று ஒருவர் இங்கே வந்து மேடையில் சொன்னால், கேட்கிறவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அந்த அமர்வில் விசைப்படகு ஓட்டிப் பழகிய ஒருவரையும் மேடையில் உட்காரவைக்க முடிந்தால் நல்லது. தேங்காய்ப்பட்டணம் பக்கம் போய்க் கேட்டால் விவரமாகப் பேசுகிற ஆள் கண்டிப்பாகக் கிடைப்பார்.

டிஆர்டிஓ விஞ்ஞானிக்கு வாட்ஸ்அப்பில் 'வர முடியுமா சார்' என்று கேட்டுப் பயனில்லை. பணியில் இருப்பவர் தானாக முடிவு செய்ய முடியாது. ஆய்வகத்தின் இயக்குநருக்கு, அமைப்பின் லெட்டர்பேடில், தலைப்பு, தேதி, யார் யார் வருகிறார்கள், பத்திரிகையாளர்கள் உண்டா என்று எல்லாம் எழுதி, பொருத்தமான ஒருவரை அனுப்பும்படி கேளுங்கள். குறைந்தது இரண்டு மாதம் முன்னால் கடிதம் போகவேண்டும். ஏஐ என்றால் பெங்களூருவில் இருக்கும் சிஏஐஆர் ஆய்வகம், கடலுக்கடியில் ஒலியை வைத்துக் கண்டறிவது என்றால் கொச்சியில் இருக்கும் என்பிஓஎல் ஆய்வகம், இரண்டும் டிஆர்டிஓவுடையவை. நம்ம ஊருக்குக் கொச்சி பக்கம், விஷயமும் நம்ம கடலுக்கு ஒட்டியது, அதனால் நான் அங்கேதான் முதலில் எழுதுவேன். அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை அவர் பெயரை நோட்டீஸிலோ ஃபிளெக்ஸிலோ போடக்கூடாது. கல்லூரி என்றால் யூடியூப்பில் நேரலை விடுவார்கள், அதையும் கடிதத்திலேயே குறிப்பிட்டு அனுமதி வாங்குங்கள். ஓய்வுபெற்ற டிஆர்டிஓ விஞ்ஞானி என்றாலும் இந்த எச்சரிக்கை வேண்டும். அந்த நிறுவனத்தின் வேலை சம்பந்தமானதை வெளியிட முன் அனுமதி வேண்டும் என்று 2021இல் ஓய்வூதிய விதியைத் திருத்தியிருக்கிறார்கள். நம்ம ஆர்வத்தில் ஒரு நல்ல மனிதரைச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது.

இன்னும் ஒரு தலைப்பை யாரும் உங்களிடம் கேட்டிருக்கமாட்டார்கள், ஆனால் 150 பேருக்கும் உடனடியாகத் தேவைப்படுவது அதுதான். பட்டறையில் வேலை பார்க்கும் பையன், ஒரு அளவு புரியவில்லை என்று, வாடிக்கையாளர் கொடுத்த டிராயிங்கை போனில் படம் பிடித்து இலவச ஏஐ செயலியில் போட்டுக் கேட்டுவிடுகிறான். அவனுக்கு அது தப்பு என்று தெரியாது. வெளியே காட்டமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டு வாங்கிய டிராயிங் அது. பாதுகாப்புத் துறை ஆர்டர் என்றால் விளைவு ஒரு ஆர்டர் போவதோடு நிற்காது. எந்த டிராயிங்கை எங்கே போடக்கூடாது, இணையம் இல்லாத கம்ப்யூட்டரில் என்ன செய்யலாம் என்று அரை மணி நேரம் செய்துகாட்டுகிற சைபர் பாதுகாப்பு ஆள் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்திலேயே இந்த வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள்.

பேராசிரியரைத் தனியாகப் பேசவைக்காமல் கலந்துரையாடலை நடத்தச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு எளிமையாக எடுத்துச் சொல்வது ஆசிரியர்களுக்குக் கைவந்த வேலை. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் பற்றி யாராவது பேசியே ஆகவேண்டும் என்றால், அதன் ஐந்து மையங்கள் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்பதையும் நாம் அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் ஒத்துக்கொண்டு, இங்கே இருந்தபடி எப்படி ஆர்டர் பிடிப்பது என்று சொல்பவராக இருக்கட்டும். பாதுகாப்புத் துறைக்குப் புதிய கருவிகள் உருவாக்குபவர்களுக்கு மத்திய அரசு பணம் தரும் ஐடெக்ஸ் திட்டத்தில் ஒன்றரை கோடி வரை, ஐடெக்ஸ் பிரைமில் 10 கோடி வரை, 2024இல் வந்த அதிதி திட்டத்தில் 25 கோடி வரை என்று மானியத் தொகையை மட்டும் வாசிப்பவர் போதாது. நம் பங்காகவும் பணம் போடவேண்டும் என்பதையும், அந்தப் பணத்தை எங்கே புரட்டுவது என்பதையும் சொல்லவேண்டும்.

எல்லோரையும் தமிழில் பேசச் சொல்லுங்கள். சென்சார், டேட்டா, மாடல் எல்லாம் அப்படியே இருக்கட்டும், ஆனால் வாக்கியம் தமிழில் வந்தால்தான் பின்வரிசையில் இருப்பவர் கைதூக்கிக் கேட்பார்.

வெளியூர்க்காரர்களை முந்தின நாளே வரவழைத்துவிடுங்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இருந்து எழுபது கிலோமீட்டர்தான் என்று நினைப்பார்கள், களியக்காவிளையும் மார்த்தாண்டமும் தாண்டி வருவதற்குள் என்ன ஆகும் என்று நமக்குத்தானே தெரியும். சென்னையில் இருந்து வந்தே பாரத்தில் காலை 5 மணிக்குக் கிளம்பினாலும் இங்கே சேர மதியம் ஆகிவிடும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது என்றால், கோவைப் பொறியாளருக்கு ஒன்றேகால் மணி நேரமும் மேஜை, கேமரா, லைட் எல்லாம் கொண்டுவருவதற்கான செலவும் முதலில் ஒதுக்குங்கள், மாநாட்டின் மையம் அவர்தான். அப்புறம் கர்னல், சைபர் ஆள், கடலோர அமர்வு. படகுக்காரருக்கும் மற்றவர்களைப் போலவே மதிப்பூதியம் கொடுங்கள், பயணப்படி மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். 3 லட்சத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

இந்த வாரமே ஒரு வேலை இருக்கிறது. கோணத்தில் யாராவது ஒரு பட்டறையில் நல்ல பாகம் நூறும், ரிஜெக்ட் ஆனது ஒரு பத்துப் பதினைந்தும் வாங்கி, அந்தப் பொறியாளருக்குக் கூரியரில் அனுப்பிவிடுங்கள். சாதாரண வணிக பாகமாக இருக்கட்டும், பாதுகாப்புத் துறைக்கோ மகேந்திரகிரிக்கோ செய்யும் எதையும் அனுப்பக்கூடாது. மூன்று வாரத்தில் அவர் கேமராவைப் பழக்கிக் கொண்டுவரட்டும். பழக்குவதற்கு அவர் பார்க்காத பத்து பாகத்தை அந்தப் பட்டறைக்காரரே மாநாட்டு அன்று தன் பையில் கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் கேமராவுக்குக் கீழே ஒவ்வொன்றாக வைக்கட்டும்.